காக்கா வராத மத்தியானம்

சக்கர வியாதி உள்ளவங்க யாராவது இதப் படிக்கிறதா இருந்தா, மொதல்ல ஒரு வாய் ஏதாவது சாப்ட்டுட்டு வந்து உக்காருங்க. நான் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லுவேன். எனக்கு எழுத வராது, பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. போனுல பேசுனா அது எழுத்தா விழுது, மக வசந்தி தப்பு பாத்துத் தர்றா. "அப்பா, சுத்தி வளைக்காம நேராச் சொல்லுங்க"ங்கறா. நேரா நடந்திருந்தா நேராச் சொல்லலாம். நடந்தது அப்படி இல்லயே.

நான் சாமிக்கண்ணு. வீடு பிடோக்ல. சாங்கி ஏர்போர்ட்டுல கார்கோ பக்கம் போர்க்லிப்ட் ஓட்டியே காலம் போச்சு. பொஞ்சாதி தனம் போனதுலேர்ந்து வீட்டுல நான் ஒருத்தன்தான். வசந்தி ஒரே புள்ள, உட்லண்ட்ஸ்ல புருசனோட இருக்கா. சனிக்கெழம சனிக்கெழம வந்து பாத்துட்டுப் போவா.

சக்கர எனக்கு எப்ப வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. ஒரு நாளு பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்னுட்டுக் கீழ பாக்கறேன், ஒரு கால்ல செருப்பு இல்ல. எங்க கழண்டுச்சு, எவ்வளவு தூரம் வெறுங்கால்ல நடந்தேன், ஒண்ணும் தெரியல. அந்தக் கால் என்னோடது இல்லாத மாதிரி இருந்துச்சு. பாலிகிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க. மூணு மாசக் கணக்குன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. ரத்தத்துல சக்கர கூடக் கூட அது செவப்பு அணு மேல ஒட்டிக்கிட்டே வருமாம். எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாப்பாங்க. அன்னிக்கி ஒரு நாளு பட்டினி கெடந்து டாக்டர ஏமாத்த முடியாது. எனக்கு நல்லா ஒட்டியிருந்துச்சு.

மாத்திர குடுத்தாங்க. அதோட விட்டாங்களா? சாப்பாடு சொல்லித் தர ஒரு பொண்ணுகிட்ட அனுப்புனாங்க. சீனப் பொண்ணு, சின்ன வயசு, ரொம்ப மரியாதை. மேச மேல ஒரு தட்டு வெச்சிருந்துச்சு. பிளாஸ்டிக் சோறு, பிளாஸ்டிக் மீனு, பிளாஸ்டிக் கீர. பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, கால் தட்டு மீனுன்னு ஒவ்வொண்ணா எடுத்து வெச்சுக் காட்டுச்சு. யாரும் திங்க முடியாத சோத்த இவ்வளவு பவ்யமா எடுத்து வைக்குதே, இது யாருக்குப் போடற படையல்னு தோணுச்சு. அத யார்கிட்ட சொல்றது? தலையாட்டிட்டு வந்துட்டேன்.

தேக்காவுல கோப்பிக் கடையில ஆறுமுகம் இருப்பான். எனக்குப் பழைய கூட்டாளி, அவனுக்கும் சக்கர. அவன்கிட்டச் சொன்னேன்.

"கால் தட்டு சோறா? யார்றா சொன்னது? அரிசின்னாலே வெசம்டா. நான் பாரு, ராத்திரி சப்பாத்தி, காலையில கேவுரு கஞ்சி, நடுவுல பாகக்கா சாறு. எப்படி இருக்கேன்?"

"கையில என்னா?"

"தே தாரிக். வெறும் டீதான்."

"அதுல பால் டின்ன கவுத்துருக்கான்டா."

"இது கணக்குல வராது, போடா."

வசந்தி அந்த வாரம் வந்தா. அவ போன்ல ஒரு டாக்டர் வீடியோ பாப்பா. அந்த டாக்டர் சோறும் வேணாம், சப்பாத்தியும் வேணாம், ரெண்டும் ஒண்ணுதாங்கறாராம். கேவுரும் அதே சாதிதானாம். முட்ட சாப்புடு, மீனு சாப்புடு, கறி சாப்புடு, நெய்கூட ஊத்திக்க, மாவுச்சத்து மட்டும் தொடாதன்னு. எனக்கு நல்லதுன்னு நெனச்சு, அடுப்படியில இருந்த அரிசி, சக்கர, வெல்லம், பிஸ்கட்டு, மைலோ டின் எல்லாத்தையும் பைல கட்டி எடுத்துட்டுப் போயிட்டா. அலமாரி தொறந்தா உள்ள சத்தம் எதிரொலிக்கும், அப்படி ஆயிப் போச்சு.

நான் என்ன பண்ணேன்? யாரு முன்னாடி இருக்காங்களோ அவங்க சொல்றதச் சாப்ட்டேன். மக வந்தா முட்ட, ஆறுமுகத்தோட உக்காந்தா சப்பாத்தி, பாலிகிளினிக் போற வாரம் கால் தட்டு சோறு. தனியா இருக்கறப்போ எது சரின்னு தெரியாம, பாதி நாளு ஒண்ணுமே இல்ல, கோப்பி ஓ கோசோங் மட்டும் குடிச்சுட்டுப் படுத்துருவேன். சக்கர போடாத கறுப்புக் கோப்பி, அத யாரும் தப்புன்னு சொல்லல. ஆனா மாத்திர மட்டும் ஒழுங்காப் போட்டேன். சாப்பாட்டுக்கு அரமணி முன்னாடி போடுன்னு சொன்னாங்க, போட்டேன். அந்த ஒண்ணுலதான் எல்லாரும் ஒரே பேச்சு.

இப்ப தனத்தோட தெவசத்துக்கு வர்றேன்.

வருசா வருசம் நானே சமைப்பேன். புள்ள வேலைக்குப் போற நாளு, அவளத் தொல்ல பண்ண மாட்டேன். காலையில குளிச்சுட்டு, பச்சத் தண்ணி மட்டும் குடிச்சுட்டு அடுப்பு பத்த வெச்சேன். அவளுக்கு ரவா கேசரின்னா உசுரு. அவளுக்குன்னு ஒரு சின்னப் பாக்கெட் சக்கர வாங்கி, மிச்சம் வெச்சா மக திட்டுவான்னு முழுசையும் கொட்டிட்டேன். சோறு, சாம்பார், வாழக்கா, வட, கேசரி. சமையல் முடியற நேரம், சரி இன்னும் கொஞ்ச நேரத்துல சாப்பிடத்தானே போறோம்னு மாத்திரய முழுங்குனேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தெவசத்தன்னிக்கி மொதச் சோறு காக்காவுக்கு. செத்தவங்க காக்கா ரூபத்துல வந்து தின்னுட்டுப் போனதுக்கப்புறந்தான் வீட்டுல இருக்கறவங்க வாயில வைக்கலாம். அதுக்கு முந்தி வெச்சா அது அவங்க பங்க திருடுன மாதிரி. நான் பொறந்து வளந்த கூலி லைன்ல இன்னும் ஒண்ணும் சொல்லுவாங்க. படையல முந்தித் தின்னவன் அவங்க பந்தியில போய் உக்காந்துட்டான்னு. அதுக்கப்புறம் இந்தப் பக்கத்துச் சோறு அவனுக்கு ஒட்டாதுன்னு.

இங்க காக்காவுக்குச் சோறு வைக்கறது தப்பு, பைன் போடுவாங்க. அதனால சத்தம் போட்டுக் கூப்பிட முடியாது. தாழ்வாரத்துச் செவுரு மேல ஓரமா ஒரு துண்டு எலையில வெச்சுட்டு, வீட்டு வாசல்ல இரும்புக் கேட்டத் தொறந்து போட்டுக் கீழ உக்காந்துகிட்டேன். முன்னெல்லாம் வெச்ச கை எடுக்கறதுக்குள்ள வந்துரும். இப்ப மரத்தோட கெளையெல்லாம் கழிச்சு விட்டுட்டாங்க, காக்கா கூடு கட்டறதுக்கு எடமே இல்ல. மைனாதான் வருது. அது வந்து எலையில மூக்க வைக்கப் போச்சு, துண்ட வீசித் தொரத்துனேன். மறுபடி வந்துச்சு, மறுபடி தொரத்துனேன். காக்கா வரல.

மத்தியானத்துல அடுக்குமாடி புளோக்கு எப்படி இருக்கும்னு வேலைக்குப் போறவங்களுக்குத் தெரியாது. நீளத் தாழ்வாரம், எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். லிப்ட் தானா வந்து நிக்கும், தொறக்கும், யாரும் எறங்க மாட்டாங்க, மூடிக்கும். வெயிலு வெள்ளையா நிக்கும்.

மொதல்ல கையி நடுங்குச்சு. அப்புறம் வேர்வ. உடம்பு குளுருது, வேர்வ மட்டும் கொட்டுது. பசியினு நெனச்சேன். தெவசத்தன்னிக்கிப் பசிக்கணும், அதுதானே முறன்னு இருந்தேன். அப்புறம் எதிர்ல இருக்கற செவுரு தள்ளிப் போச்சு. ஏதோ ஒரு வீட்டுல டிவி ஓடுது, சீனத்துலதான் பேசறாங்க, ஆனா எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. எம் பேரச் சொல்லி, இவன் இன்னும் சாப்பிடலங்கறாங்க. எலையப் பாக்கறேன். மஞ்சளா ஒண்ணு இருக்கு. அது என்னன்னு தெரியல. அதுக்குப் பேரு இருக்குன்னு தெரியுது, பேரு வரல.

வீட்டுக்குள்ள அடுப்படியில யாரோ முதுகு காட்டி நின்னாங்க. ஈர முடி. நான் பயப்படல, அதான் இப்ப நெனச்சா பயமா இருக்கு. "ஏன் இன்னும் சாப்பிடல?"ன்னு கேட்டாங்க. "நீ இன்னும் வரலயே"ன்னேன். அவ்வளவுதான் ஞாபகம். அதுக்கப்புறம் ஆம்புலன்ஸ் கூரையிலேர்ந்துதான் எனக்கு உலகம் ஆரம்பிக்குது.

கண்ணு முழிச்சப்ப வாயி இனிச்சுது. நெய் வாசன.

ஆஸ்பத்திரியில கட்டிலுக்குப் பக்கத்துல ஜோகூர்லேர்ந்து வந்து வேலை பாக்கற தமிழ் நர்ஸ் நின்னுச்சு, பிரேமான்னு பேரு. "அங்கிள், உங்க சக்கர ரெண்டுக்குக் கீழ போயிருச்சு. நாலுக்குக் கீழ, ஊர்க் கணக்குல எழுபதுக்குக் கீழ, போனாலே ஆபத்து. நல்ல நேரம், ஏதோ இனிப்பு சாப்ட்டிருக்கீங்க. அதுதான் உங்கள இழுத்துப் புடிச்சிருக்கு"ன்னுச்சு.

இனிப்பா? அந்த வீட்டுல இருந்த ஒரே இனிப்பு எலையில இருந்த கேசரிதான்.

டாக்டரு வந்தாரு, பிரேமா தமிழ்ல சொல்லுச்சு. சக்கர வியாதின்னா சக்கர ஏறறதுன்னுதான் எல்லாரும் நெனைக்கறோம். எறங்கறது அதவிட மோசமாம். மூளைக்கு அடுப்பெரிக்கறதே சக்கரதானாம், அது தீந்தா மூள இல்லாததக் காட்டும், இருக்கறத மறக்கும், அப்புறம் அணஞ்சுரும். நான் போடற மாத்திர, சாப்ட்டாலும் சாப்பிடாட்டியும் சக்கரய எறக்கிக்கிட்டே இருக்கற மாத்திரயாம். அது மூத்திரத்துல வெளிய போகணும். என் கிட்னி கொஞ்சம் மந்தமாம், அதனால உள்ளயே தங்கி நாள் கணக்குல வேல செய்யுமாம். "யாரு உங்களச் சோத்த விடச் சொன்னா? விட்டத ஏன் எங்ககிட்டச் சொல்லல? சோத்தக் கொறைச்சா மாத்திரயும் கொறைக்கணும்"னு கேட்டாரு. பாலிகிளினிக் பொண்ணு சொன்னதும் தப்பில்லயாம், மக சொன்னதும் சில பேருக்கு நடக்குமாம். எல்லாத்தையும் கலந்து, சாப்பாட்ட நெனச்ச நேரத்துக்கு மாத்தி, மாத்திரய மட்டும் மாத்தாம விட்டதுதான் என்னக் கவுத்துருச்சு.

அதெல்லாம் காதுல விழுந்துச்சு. மனசு எலையிலயே இருந்துச்சு.

கையில ட்ரிப். அதுல சக்கரத் தண்ணி. சும்மா சும்மா வந்து வெரல்ல குத்திப் பாப்பாங்க. ஏறும், கொஞ்ச நேரத்துல எறங்கும். சாப்பாட்டுத் தட்டு வந்துச்சு, கஞ்சி, மீனு, வெந்த காய். கரண்டியக் கையில எடுத்தேன். வாய்கிட்டக் கொண்டு போறப்ப கை நின்னுடுச்சு. இந்த வாயி ஏற்கெனவே அந்தப் பக்கத்துச் சோத்தத் தின்ன வாயி. இதுல இனிமே என்ன போட்டாலும் அது யாருக்குப் போகும்? கரண்டிய வெச்சுட்டேன்.

"பசி இல்ல நர்ஸம்மா."

"அங்கிள், சாப்பிடுங்க லா. ட்ரிப்ப எத்தன நாளைக்கு ஓட்டறது, நரம்பெல்லாம் வீங்குது."

வலது பக்கத்துக் கட்டிலுக்குத் தெர போட்டிருக்கும், எப்பவும். அதுக்குள்ளேர்ந்து ஒரு கொரலு வந்துச்சு. யாழ்ப்பாணத் தமிழ்.

"அரிசிக் கஞ்சியோ? தொடாதேயுங்கோ. குரக்கன் புட்டு எண்டால் சாப்பிடலாம்."

குரக்கன்னா நம்ம கேவுருதான். ராஜநாயகம்னு பேராம், பழைய கவர்மென்ட் கிளார்க்காம். ஆளப் பாத்ததே இல்ல, கொரலு மட்டும். யாரு என்ன கொண்டாந்தாலும் தெரைக்குள்ளேர்ந்து தீர்ப்பு வரும். ஆறுமுகம் பிளாஸ்க்ல கேவுரு கஞ்சி கொண்டாந்தான், "சீனி போட்டவரோ எண்டு கேளுங்கோ"ன்னுச்சு. வசந்தி டப்பாவுல அவிச்ச முட்ட கொண்டாந்தா, "கொலஸ்ட்ரோல்"னு ஒரே வார்த்த. ஆறுமுகமும் வசந்தியும் என் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்னு சண்ட.

"மாமா, கேவுரும் கார்ப்தான் மாமா, சுகர் ஏறும்."

"ஏறட்டும்மா! எறங்கித்தானே இங்க கெடக்கான்?"

"பெரியவங்கன்னு பாக்கறேன் மாமா."

"நானும் சின்னப் புள்ளைன்னுதான் பாக்கறேன்."

நான் நடுவுல படுத்துக் கெடக்கேன். ஒருத்தன் தலைமாட்டுல, ஒருத்தி கால்மாட்டுல, இவருக்கு என்ன புடிக்கும், என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாதுன்னு பேசறாங்க. எங்கிட்ட யாரும் கேக்கல. தெவசத்துக்கு எல போடறப்போ நாங்க இப்படித்தானே பேசுவோம். கையக் கிள்ளிப் பாத்தேன். வலிச்சுது. செத்தவங்களுக்கு வலிக்காதுன்னு யாரு வந்து சொன்னா?

இன்னொண்ணு. கிட்னி ஸ்கேனுக்குக் கட்டிலோட தள்ளிட்டுப் போக ஒரு ஆளு வந்தாரு, நம்ம ஊர்க்காரரு, நடு வயசு. தள்ளறதுக்கு முன்னாடி கட்டில் கம்பி மேல கையி வெச்சு, "ஐயா, கொஞ்சம் நகத்தறேன்"னாரு. நான் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அதுக்குக் காரணம் சொல்றேன். கார்கோவுல சில நாளு சவப் பொட்டி வரும். கிராஞ்சிப் பக்கம் விடுதியில இருக்கற பசங்க, வேலையில, வியாதியில போயிடுவாங்க. திருச்சி பிளைட்டுக்குப் பொட்டி ஏறும். மத்த ஆளுங்க அத எடுக்கத் தயங்குவாங்க, நான்தான் எடுப்பேன். போர்க்லிப்ட்ட விட்டு எறங்கிப் போய், பொட்டி மேல கையி வெச்சு, "தம்பி, கொஞ்சம் நகத்தறேன்"னு சொல்லிட்டுத்தான் தூக்குவேன். எல்லாப் பொட்டிக்கும் சொல்லியிருக்கேன். இப்ப எனக்கு ஒருத்தரு சொல்றாரு. போற வழியெல்லாம் மேல லைட்டு ஒண்ணொண்ணா ஓடுது, நான் கண்ணத் தொறந்தே வெச்சிருந்தேன். மூடுனா அவரு வேற எங்கயாச்சும் கொண்டு போயிருவாருன்னு பயம்.

திரும்பி வந்தா, சக்கர மறுபடி எறங்கியிருக்கு. டாக்டரு மொகம் மாறிப் போச்சு. வசந்தியத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனாரு. நான் கேக்காத மாதிரி கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வாயால சாப்பிடாம இவர வீட்டுக்கு அனுப்ப முடியாது. வீட்டுல தனியா இருக்கறப்போ இன்னொரு தடவ இப்படி எறங்குனா எழுந்திரிக்க மாட்டாரு. இப்படியே போனா மூக்கு வழியா குழா போடணும், அப்புறம் முதியோர் இல்லந்தான் பாக்கணும். வசந்தி அழுதுக்கிட்டே வந்து என் காலத் தடவிக் குடுத்தா. அந்தக் கால்ல எனக்கு உணர்ச்சி கம்மி. அவ தடவறதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அன்னிக்கி சாயங்காலம் தெர லேசா வெலகுச்சு. ஒரு கையி வந்துச்சு. எலும்பும் தோலும், நரம்பு பச்சையா. கையில ஜாம் தடவுன ரொட்டி, பாதி. "இந்தாங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேயுங்கோ"ன்னுச்சு கொரலு. நாள் பூரா மத்தவங்களுக்குத் தீர்ப்பு சொன்ன மனுசன் உள்ள ஜாம் ரொட்டி தின்னுக்கிட்டிருந்துருக்காரு! வேற நாளா இருந்தா சிரிச்சிருப்பேன். அன்னிக்கி அந்தக் கையி எந்தப் பக்கத்துலேர்ந்து நீளுதுன்னு தெரியாம போத்திக்கிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். கொஞ்ச நேரம் அந்தக் கையி அப்படியே இருந்துச்சு போல.

மறுநாளு பக்கத்து வீட்டு ரொகாயா வந்தாங்க. மலாய்க்கார அம்மா, நான் மக்சிக்னுதான் கூப்புடுவேன். அவங்கதான் ஆம்புலன்ஸக் கூப்புட்டவங்க. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு கடைத்தெரு மலாய்லதான். வசந்தியும் இருந்தா. நான் கேட்டேன், "மக்சிக், நீங்க பாக்கறப்போ நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

அவங்க வசந்தியப் பாத்தாங்க, அப்புறம் என்னப் பாத்தாங்க. கொரலக் கொறச்சுச் சொன்னாங்க.

"நீ தாழ்வாரத்துல செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்த. சிரிச்சுக்கிட்டிருந்த. வாயி மெல்லுது. எல பக்கத்துல கெடக்கு."

"கையி?"

"கையி ரெண்டும் மடியில. கட்டி வெச்ச மாதிரி. அசையவே இல்ல. ஆனா வாயி தொறக்குது, மூடுது, தொறக்குது. சின்னப் புள்ளைக்கு யாரோ ஊட்டற மாதிரி. நான் கிட்ட வராம அங்கேர்ந்தே போன் பண்ணேன். மன்னிச்சுக்க."

"அதெல்லாம் இல்லப்பா," வசந்தி குறுக்க வந்தா. "எமர்ஜென்சியில நாந்தான் உங்க வெரலத் தொடச்சேன். வலது கையெல்லாம் நெய்யி. நீங்கதான் எடுத்துச் சாப்ட்டிருக்கீங்க. மக்சிக் பயத்துல சரியாப் பாக்கல."

"நான் நல்லாத்தான் பாத்தேன்"னாங்க ரொகாயா. முட்டைக்கே தீர்ப்பு சொன்னவரு, இதுக்கு வாயத் தொறக்கல.

சோத்து விசயத்துலதான் ஆளுக்கொண்ணு சொன்னாங்கன்னா, நான் தின்னதுலயும் ஆளுக்கொண்ணு. எப்படியோ போகட்டும். தின்னது தின்னதுதானே. மக்சிக் போனதுக்கப்புறம் மககிட்டச் சொன்னேன்.

"வசந்தி, நான் உங்கம்மா பங்கத் தின்னுட்டேம்மா. காக்கா வரல, அவ வரல. அதுக்குள்ள நான் தின்னுட்டேன். அவ பசியோட போயிட்டா. எனக்கு இங்கத்துச் சோறு எறங்க மாட்டேங்குது. நான் அந்தப் பக்கத்துப் பந்தியில உக்காந்துட்டேன்."

அவ என்ன மொறச்சுப் பாத்தா. அழுவான்னு நெனச்சேன். அவளுக்கு வந்தது கோவம்.

"அம்மா வந்து மொதல்ல சாப்பிடட்டும்னா காக்காவுக்குக் காத்துக்கிட்டிருந்தீங்க? அம்மா உசுரோட இருந்தப்ப என்னிக்காச்சும் உங்களுக்கு முந்தி சாப்ட்டிருக்காங்களா? ஷிப்ட் முடிஞ்சு நீங்க எப்ப வருவீங்கன்னு தட்ட மூடி வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. ஓவர்டைம்னாலும், முட்டி வலியோட தரையிலயே உக்காந்திருப்பாங்க. 'சாப்புடும்மா, அவரு வெளிய சாப்ட்டுருப்பாரு'ன்னு நான் கத்துவேன். கேக்க மாட்டாங்க. அந்த அம்மா செத்ததும் மட்டும் புதுசா உங்களுக்கு முன்னாடி வந்து சாப்ட்டுருவாங்களா? யாருப்பா உங்களுக்கு இதச் சொன்னது?"

தெரைக்கு உள்ளேர்ந்து, ரொம்ப மெதுவா, "அது சரிதானே"ன்னு கேட்டுச்சு.

அந்த மத்தியானம் மறுபடி கண்ணு முன்னாடி வந்து நிக்குது. இந்தப் பக்கம் நான் உக்காந்திருக்கேன், அவ வரட்டும், வந்து சாப்பிடட்டும்னு. அந்தப் பக்கம் அவ உக்காந்திருக்கா, இவரு மொதல்ல சாப்பிடட்டும்னு. நடுவுல எல. வெயில் ஏறுது, மைனா வருது போகுது, ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தரு பட்டினி. நான் மயங்கிச் சாயற வரைக்கும் பாத்திருக்கா. அப்புறம் பொறுக்க முடியாம அவளே எடுத்து ஊட்டிட்டாளோ, இல்ல நானேதான் தின்னேனோ.

"அந்தக் கஞ்சியக் குடு"ன்னேன்.

ஆறிப் போயிருந்துச்சு. உப்பில்ல. வசந்தி கரண்டியில எடுத்தா. "நானே சாப்புடறேன், குடு"ன்னு வாங்கி, என் கையால, நான் பாக்கப் பாக்க, ஒவ்வொரு வாயா முழுங்குனேன். கடைசி வாயி எறங்கற வரைக்கும் அவ மூச்சு விடல.

வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த மாத்திரய நிறுத்திட்டு வேற குடுத்திருக்காங்க. இவ்வளவு சீக்கிரத்துல சக்கரய எறக்காத மாத்திரயாம். கெளம்பற அன்னிக்கி ராஜநாயகத்தப் பாத்தேன், தெரயத் தொறந்து வெச்சிருந்தாங்க. ஒரு கால் முட்டிக்குக் கீழ இல்ல. ரொம்ப அழகான சிரிப்பு. "போயிட்டு வாங்கோ. சோறு அளவாய்"னாரு. குரக்கன் புட்டுப் பேச்சே எடுக்கல.

நான் படிக்காதவன், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். சோறா, சப்பாத்தியா, கேவுரா, முட்டையான்னு இன்னும் என்னய வெச்சு சண்ட நடக்குது. வசந்தி ஒரு புது வீடியோ அனுப்பியிருக்கா, அதுல போன வீடியோ டாக்டரையே ஒருத்தரு திட்டறாரு. நான் கேட்டுக்கறேன். ஆனா எதக் கொறச்சாலும், எத மாத்துனாலும், நோன்பு விரதம் எதா இருந்தாலும், மொதல்ல மாத்திர குடுத்தவங்ககிட்டப் போய்ச் சொல்லிட்டுத்தான். கையி நடுங்கி வேர்த்துச்சுன்னா யாருக்காகவும் காத்திருக்காதீங்க. சக்கரத் தண்ணியக் குடிச்சுட்டு அப்புறம் யோசிங்க. சட்டப் பையில இப்ப எப்பவும் மிட்டாய் கெடக்கு. வசந்தியே வாங்கிப் போட்டது.

போன அமாவாசைக்குத் தனியாத்தான் இருந்தேன். வசந்தி வர்றேன்னா, வேணாம்னுட்டேன். அடுத்த தெவசம் வரைக்கும் பொறுக்க முடியல. கொஞ்சமாச் சோறு, பருப்பு, கீர, ஒரு கரண்டி கேசரி. ரெண்டு எல போட்டேன், தரையில, எதிரும் புதிருமா. தாழ்வாரத்துக்கே போகல. மொதல்ல நான் உக்காந்து சாப்ட்டேன், அவசரமில்லாம, மாத்திரய மறக்காம. எதிர் எலையப் பாக்கவே இல்ல. சாப்ட்டு முடிச்சு, எழுந்து போய் அடுப்படியில கையக் கழுவறேன்.

பின்னாடி யாரோ தரையில கையூனி உக்கார்ற சத்தம். முட்டி வலிக்காரங்க உக்கார்றப்போ ஒரு மூச்சு விடுவாங்களே, அந்த மூச்சு.

தண்ணியக் கொஞ்சம் கூடவே தொறந்து விட்டுட்டு அங்கயே நின்னேன். திரும்பல. பசியா இருக்கறவங்க நிம்மதியாச் சாப்பிடட்டும்.